நத்தைக்கும் அத்திக்கும் ஒரே பெயர்

அன்புள்ள ஐயா,

எங்கள் கல்லூரி அருங்காட்சியகத்தின் சங்கு, சிப்பிப் பட்டியலையும் ஹெர்பேரியப் (உலர்த்திய தாவர மாதிரிகள்) பட்டியலையும் ஒரே எக்செல் ஷீட்டில் சேர்க்கிறோம். ஒரு கடல்நத்தைக்கு ‘ஃபைகஸ் வேரியகேட்டா’ என்று லேபிள். ஓர் அத்தி மரத்துக்கும் அதே பெயர். வீலுக்கப் (பெயரைத் தேடி அதற்கான விவரத்தை எடுத்துத் தரும் எக்செல் சூத்திரம்) போட்டால் நத்தையின் குடும்பம் ‘மோரேசி’ என்று, அதாவது அத்தி மரத்தின் குடும்பமாக, வருகிறது. எந்த லேபிளைத் திருத்துவது?

வாசகர், குரோம்பேட்டை

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டு லேபிளும் சரி, கை வைக்காதீர்கள். திருத்த வேண்டியது ஷீட்டை.

தாவரத்துக்கும் விலங்குக்கும் பெயர்விதிகள் தனித்தனி. அங்கே ஒரு பெயர் இருப்பது இங்கே தடையில்லை. நத்தைக்கு ரோடிங் 1798இல் பெயர் வைத்தார், ஓடு அத்திக்காய் வடிவில் இருப்பதால். மரத்துக்கு ப்ளூம் வைத்தது 1825இல். ஒரே விதிக்குள் இது செல்லாது. 1799இல் ஷா என்ற விலங்கியலாளர் ‘பிளாட்டிபஸ்’ என்று பெயர் சூட்டிய வாத்தலகு விலங்கின் அறிவியல் பெயர் இன்று ஆர்னித்தோரிங்கஸ். அந்தப் பெயர் முன்பே ஒரு வண்டுக்குப் போயிருந்தது.

பேரினப் பெயர், அதாவது முதல் சொல், மட்டும் ஒத்துப்போவது சகஜம்: மோரஸ் என்றால் முசுக்கொட்டை, ஒரு கடற்பறவையும்கூட. முழுப் பெயரும் ஒத்துப்போவதுதான் அபூர்வம். கௌசியா பிரின்செப்ஸ் இன்னொன்று. கியூபாவின் பனை வகை ஒன்று, கடலில் ஒளிரும், இறால், நண்டு வகையைச் சேர்ந்த சிறிய உயிரி ஒன்று. ஆய்வகங்களில் புழங்கும் ‘கௌசியா லூசிஃபரேஸ்’ என்ற ஒளி உண்டாக்கும் நொதி பனையிலிருந்து வந்ததல்ல.

வகுப்பில் இரண்டு முருகன் இருந்தால் இனிஷியல் பார்ப்போமே, இங்கே பெயர் வைத்தவர்தான் இனிஷியல். விலங்கென்றால் பெயருக்குப் பின் காற்புள்ளியும் ஆண்டும் வரும்: ‘ஃபைகஸ் வேரியகேட்டா ரோடிங், 1798’. தாவரத்தில் பெரும்பாலும் ‘ஃபைகஸ் வேரியகேட்டா ப்ளூம்’ என்பதோடு சரி. ஆனால் சில தரவுத்தளங்கள் தாவரத்துக்கும் ஆண்டு போடுகின்றன. அதை மட்டும் நம்பிப் பிரிக்காதீர்கள்.

வீலுக்கப் மேலிருந்து முதலில் கிடைப்பதை எடுத்துக்கொண்டு நின்றுவிடும். உங்கள் ஷீட்டில் மர வரிசை மேலே இருந்திருக்கும், நத்தை மோரேசிக்குப் போய்விட்டது. ‘உலகம்’ என்று ஒரு பத்தி சேர்த்துத் தாவரம், விலங்கு என்று நிரப்புங்கள். அதையும் பெயரையும் ஒட்டி ‘விலங்கு|ஃபைகஸ் வேரியகேட்டா’ என்று ஒரு தேடுசாவி செய்யுங்கள். குடும்பங்கள் இருக்கும் அட்டவணையிலும் முதல் பத்தி அதே சாவியாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் செய்தால் எல்லா வரிசையிலும் பிழைச் செய்திதான் வரும். சரியாகச் செய்தால் நத்தைக்கு அதன் சரியான குடும்பமான ‘ஃபைசிடே’ வந்துவிடும். ஜிபிஐஎஃப் என்ற உலக உயிரினத் தரவுத் தளத்தில் பட்டியலைப் பொருத்தும்போதும் உலகப் பத்தியோடு ஏற்றுங்கள்.

பெயர் வைத்தவர் யார் என்று குறிப்பிடாத பழைய லேபிள்களுக்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஓடா இலையா என்று சொல்ல நிபுணர் வேண்டாம்.