வெனிசுவேலாவின் கிறிஸ்துமஸ் உணவான அயாக்காவை, அதாவது வாழையிலையில் மக்காச்சோள மாவும் கறியும் வைத்துக் கட்டி வேகவைக்கும் பொட்டலத்தை, ஒரே ஆளாக, ஒரே நாளில் செய்துவிட முடியுமா?

முடியாது. முதல் வருடம் நான் அப்படித்தான் முயன்றேன். இரவு இரண்டு மணிக்கு, கட்டாமல் கிடந்த பதினைந்து மாவு உருண்டைகளுக்கு முன்னால் உட்கார்ந்து தூங்கிவிட்டேன்.

ஃப்ளோரிடாவில் டோரல் என்ற ஊரில் சில வருடங்கள் இருந்தேன். வெனிசுவேலாக்காரர்கள் நிறைய இருக்கும் ஊர். பக்கத்து வீட்டு அம்மா அவர்கள் தலைநகர் காரகாஸிலிருந்து வந்தவர். சென்யோரா என்றுதான் கூப்பிடுவேன். அவரிடம் கற்றதைச் சொல்கிறேன். முதலில் பெயர்: எழுத்தைப் பார்த்தால் ஹல்லாக்கா என்று வாசிக்கத் தோன்றும், அவர்கள் சொல்வது அயாக்கா. அவர்கள் காதுபட இதை, மெக்ஸிகோவில் இதேபோல் கட்டி அவிக்கும் டமாலே என்று சொல்லிவிடாதீர்கள்.

அது வெறும் ரோஷம் இல்லை, மாவே வேறு. டமாலே மாவு சுண்ணாம்பு நீரில் வேகவைத்த மக்காச்சோளத்தில் வருவது. அதை வாங்கினால் சுவை மாறிவிடும். அயாக்காவுக்கு, சுண்ணாம்பு சேர்க்காமல் வேகவைத்து அரைத்த மக்காச்சோள மாவு வேண்டும். 1960இல் ஹரினா பான் என்ற பெயரில் இந்த மாவு பாக்கெட்டில் வந்தது. அதற்கு முன் சோளத்தை உரலில் இடித்து, உமி நீக்கி, வேகவைத்து அரைக்க வேண்டும். அதையும் சேர்த்தால் இரண்டு நாள் வேலை மூன்று நாளாகிவிடும்!

முதல் நாள் கீசோ, அதாவது உள்ளே வைக்கும் கறி. இருபத்தைந்து, முப்பது பொட்டலத்துக்குப் பன்றி இறைச்சி ஒரு கிலோ, கோழி ஒரு கிலோ, மாட்டிறைச்சி அரைக் கிலோ. கோழியை வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், மாவு பிசைய அதுதான். வெங்காயம், லீக்ஸ், பூண்டு, குடமிளகாய், தக்காளி வதக்கி, பொடியாக நறுக்கிய இறைச்சியைப் போட்டு, கொஞ்சம் இனிப்பு ஒயின், ஒரு துண்டு வெல்லம் சேர்த்து (அவர்கள் பப்பேலோன் என்பது நம் வெல்லமேதான்) நன்றாகச் சுண்டவிடுங்கள். இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் இருந்து இறுக வேண்டும். சூடாக, நீர்க்க இருந்தால் மாவைக் கிழித்துக்கொண்டு ஓடும்.

இதில் அஹி துல்ஸே என்ற ஒரு மிளகாயும் உண்டு. வாசனை மட்டும்தான், காரம் துளியும் கிடையாது. ஆனால் பார்வைக்கு அது ஹபனேரோ என்ற கடும் கார மிளகாயின் உடன்பிறப்பு. தாவர இனமும் ஒன்றேதான். இரண்டாம் வருடம் மிளகாய் வாங்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. வாங்கியது ஹபனேரோ. எனக்கு அமிர்தமாக இருந்தது. சென்யோராவின் மருமகன் குழாயடியிலேயே நின்றுவிட்டார்.

இரண்டாம் நாள்தான் ஆள் வேண்டும். ஒரு கிலோ மாவுக்குக் கோழி வேகவைத்த தண்ணீர் இரண்டு லிட்டர், பன்றிக் கொழுப்போ எண்ணெயோ கால் கிலோ. அந்தக் கொழுப்பில் ஒனோட்டோ என்ற சிவப்பு விதைகளை மெல்லிய தீயில் காய்ச்சி வடிகட்டினால்தான் மாவுக்கு அந்த மஞ்சள் நிறம் வரும். தீ கூடினால் கசக்கும். பதம்? கொழுக்கட்டை மாவைவிட இளக்கமாக, கையில் ஒட்டாமல்.

வாழையிலை விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் மரியாதை கிடைத்தது. அனலில் வாட்டுவது, நடு நரம்பைச் சீவுவது எல்லாம் நமக்குத் தெரிந்த வேலைதானே. உறைந்த இலைக்கட்டு என்றால் முந்தின இரவே வெளியே எடுத்து வையுங்கள், அவசரப்பட்டால் கிழியும். ஒவ்வொரு இலையையும் ஈரத்துணியால் துடைத்தாக வேண்டும். எல்லோரும் தப்பிக்கப் பார்க்கும் வேலை இதுதான். வீட்டுக்கு வரும் புது மாப்பிள்ளை தலையில் கட்டிவிடுவார்கள்.

இலையில் எண்ணெய் தடவி, மாவு உருண்டையை மெல்லிய வட்டமாகத் தட்டி, நடுவில் இரண்டு கரண்டி கீசோ. மேலே வெங்காய வளையம், சிவப்புக் குடமிளகாய்க் கீற்று, ஆலிவ், உலர்திராட்சை, கேப்பர்ஸ் (ஊறுகாய் போட்ட சின்னப் பூமொட்டு). காரகாஸ் பக்கம் பாதாமும் வைப்பார்கள். கிழக்குப் பகுதியில் அவித்த முட்டை, ஆண்டீஸ் மலைப்பக்கம் கொண்டைக்கடலை. எது சரி என்று மட்டும் கேட்காதீர்கள், சாப்பாடு ஆறிவிடும். யாரைக் கேட்டாலும் தன் அம்மா செய்வதுதான் உயர்ந்தது என்பார்கள்.

இலையோடு மடித்து, இன்னொரு இலை சுற்றி, நடுவில் பட்டை போல மூன்றாவது இலை. பருத்தி நூலால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் கட்டமாக இறுக்கிக் கட்டுங்கள். தளர்ந்தால் தண்ணீர் புகுந்து கூழாகிவிடும். கொதிக்கும் உப்புத் தண்ணீரில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். எடுத்ததும் சாய்த்து வைத்து நீரை வடியவிடுங்கள். நான் அன்றே சாப்பிடுவதைவிட மறுநாள் சுடவைத்ததைத்தான் விரும்புவேன்.

மிஞ்சிய மாவையும் கறியையும் ஒன்றாகப் பிசைந்து போயோ என்று சின்னதாகக் கட்டுவார்கள். அடையாளத்துக்கு நூல் கட்டு மாறும். ஹபனேரோ கூத்துக்கு அடுத்த வருடம், பானையிலிருந்து எடுத்தவற்றில் நாலு பொட்டலம் மட்டும் சிவப்பு நூலில் இருந்தது. சென்யோரா அவற்றைத் தனியாக ஒரு பையில் போட்டு என்னிடம் கொடுத்து, “மருமகன் கண்ணில் காட்டாதே” என்றார்.