நானே எழுதிப் பாடிய பாட்டைப் படத்திலோ தொடரிலோ சேர்க்க என்ன செய்ய வேண்டும்?

முதலில் உரிமையைச் சரிசெய்யுங்கள். ஒரு பாட்டில் இரண்டு சொத்துகள் இருக்கின்றன: வரியும் மெட்டும் ஒன்று, ஒலிப்பதிவு இன்னொன்று. காட்சியோடு சேர்க்க முதலாவதற்கு சிங்க் உரிமம், இரண்டாவதற்கு மாஸ்டர் உரிமம். இரண்டும் உங்களிடமே இருந்தால் அது பெரிய பலம். படத்துக்குப் பாட்டுத் தேடும் மியூசிக் சூப்பர்வைசர் பெரும்பாலும் அவசரத்தில் இருப்பார், ஒரே ஆளிடம் கையெழுத்து வாங்கினால் போதும் என்பது அவருக்கு நிம்மதி. நண்பரோடு சேர்ந்து எழுதினீர்களா? யாருக்கு எத்தனை சதவீதம் என்று அன்றைக்கே எழுதி வையுங்கள். பிறர் பதிவிலிருந்து அனுமதியில்லாமல் ஒரு துண்டு எடுத்திருந்தால் பாட்டு அங்கேயே நின்றுவிடும்.

அப்புறம், குரல் இல்லாத வடிவம் கட்டாயம் வேண்டும். ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள்: கதவு திறக்கிறது, நாயகி பேசத் தொடங்குகிறாள். அந்த நொடியில் எடிட்டர் குரலை எடுத்துவிட்டு இசையை மட்டும் ஓடவிடுவார். அந்த டிராக் இல்லையென்றால் வேறு பாட்டுக்குப் போய்விடுவார்.

வரிகளில் ஆள் பெயர், ஊர்ப் பெயரைக் குறையுங்கள். கதையைச் சொல்லும் வரியைவிட மனநிலையைச் சொல்லும் வரிதான் பல காட்சிகளுக்குப் பொருந்தும் என்பது என் கருத்து.

பாட்டு எழுதியவர்களுக்கு ராயல்டி வசூலித்துத் தரும் காப்புரிமைச் சங்கத்தில் பதிந்துகொள்ளுங்கள். தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகும்போது பாட்டின் பெயர், எழுதியவர், ஓடிய நேரம் எல்லாம் க்யூ ஷீட் என்ற இசைப் பட்டியலில் ஏறும். ராயல்டி அதை வைத்துத்தான் வரும்.