சாப்பிடாத பூனை: நோயின் பெயர் தெரியும்வரை காத்திருக்க வேண்டாம்

மதுரையிலிருந்து ஒரு வாசகி எழுதுகிறார்: "எங்கள் வீட்டு ஆண் பூனைக்கு ஐந்து வயது. கருத்தடை செய்திருக்கிறோம், தடுப்பூசிகளும் போட்டிருக்கிறோம். பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயும் மொட்டை மாடியிலும்தான் இருக்கும். நான்கு நாட்களாக எதுவும் சாப்பிடவில்லை. தட்டின் அருகே வந்து முகர்ந்து பார்த்துவிட்டு, உதட்டை நக்கிக்கொண்டு திரும்பிப் போய்விடுகிறது. மூன்று வாரங்களுக்கு முன் தடுப்பூசிக்குக் கொண்டுபோனபோது 4.8 கிலோ இருந்தது, இப்போது 4.3 கிலோ. மருத்துவர் இரத்தப் பரிசோதனை செய்து எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். அவர் ஊசி போட்ட மறுநாள் கொஞ்சம் சாப்பிட்டது, அதன்பின் மறுபடியும் நிறுத்திவிட்டது. சிரிஞ்சில் ஊட்டினால் நுரை தள்ளுகிறது. உடம்பு சுடுவதால் பாராசிட்டமால் கால் மாத்திரை கொடுக்கலாம் என்கிறார்கள் பக்கத்து வீட்டில். என்ன நோய் என்றே தெரியாமல் தவிக்கிறோம். நாங்கள்தான் கவனிக்கத் தவறிவிட்டோமா?"

முதலில் அந்த மாத்திரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் உடனடி ஆபத்து அதில்தான் இருக்கிறது. பாராசிட்டமாலைக் கால் மாத்திரையாகவோ குழந்தைகளுக்கான சிரப்பாகவோ, ஒரு துளிகூடப் பூனைக்குக் கொடுக்காதீர்கள். மனிதக் கல்லீரல் இந்த மருந்தை ஒரு நொதியின் துணையால் தீங்கற்ற பொருளாக மாற்றி வெளியேற்றிவிடுகிறது. பூனையின் கல்லீரலில் அந்த நொதி போதிய அளவு வேலை செய்வதில்லை. ஆகவே மருந்திலிருந்து உண்டாகும் நச்சுப்பொருள் உடலில் தங்கி, சிவப்பணுக்கள் ஆக்சிஜனைச் சுமக்க முடியாதபடி அவற்றைக் கெடுத்துவிடுகிறது. ஈறு பழுப்பேறி, முகமும் பாதங்களும் வீங்கி, பூனை மூச்சுக்குத் திணறுகிறது. 500 மில்லிகிராம் மாத்திரையின் கால் பங்கே 4.3 கிலோ எடையுள்ள பூனைக்கு நஞ்சாகலாம். ஏற்கெனவே யாரேனும் கொடுத்திருந்தால், எத்தனை மணிக்கு எவ்வளவு என்பதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அசிட்டைல்சிஸ்டீன் என்ற முறிமருந்து இருக்கிறது, அது எவ்வளவு சீக்கிரம் உள்ளே போகிறதோ அவ்வளவு நல்லது. இபுப்ரொஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற மற்ற வலி மாத்திரைகளுக்கும் இதே தடைதான்.

அடுத்து, நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றை உடனே பார்க்க வேண்டும்: அது சிறுநீர் கழிக்கிறதா? ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகலானது. கல்லோ சளிபோன்ற அடைப்போ அதில் சிக்கிக்கொண்டால் பூனை உணவை மறந்து மூலையில் ஒடுங்கிக் கிடக்கும், கழிப்பதற்காக வைத்திருக்கும் மண் தட்டில் அடிக்கடி போய் உட்கார்ந்து முக்கும், ஆனால் மண் நனையாது. முழு அடைப்பு ஏற்பட்ட பூனை ஓரிரு நாட்களுக்குள் இறந்துபோகக்கூடும். மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்துக் காத்திருந்தவர்களின் பூனைகளை நான் பார்த்திருக்கிறேன். மண் நனைந்திருக்கிறதா என்பதில் சிறிது சந்தேகம் இருந்தாலும் இந்தக் கடிதத்தை மேலே படிக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

அந்த ஆபத்து இல்லை என்று தெரிந்தபின், உங்கள் முதன்மைக் கேள்விக்கு வருகிறேன். என்ன நோய் என்று கண்டுபிடிப்பது ஒரு வேலை, பூனையின் வயிற்றுக்குள் உணவைச் சேர்ப்பது இன்னொரு வேலை. முதல் வேலை முடிந்த பிறகுதான் இரண்டாவது வேலையைத் தொடங்க வேண்டும் என்று நினைப்பதால் நாம் பல பூனைகளை இழக்கிறோம். நாய் நான்கு நாள் பட்டினி கிடந்தால் மெலியும், பெரும்பாலும் மீண்டுவிடும். பூனையின் உடலமைப்பு வேறு. அது முழுக்க இறைச்சியை நம்பிப் பிழைக்கும் விலங்கு. உணவு நின்றவுடன் உடலின் கொழுப்பு கரைந்து கல்லீரலை நோக்கி வெள்ளமாகப் பாய்கிறது, அதை மேற்கொண்டு ஏற்றுமதி செய்யத் தேவையான புரதமோ உணவின்றி வராமல் போகிறது, எனவே கொழுப்பு கல்லீரல் செல்களுக்குள்ளேயே தேங்கி அவற்றை அடைத்துவிடுகிறது. இரண்டு மூன்று நாள் பட்டினியிலேயே இது தொடங்கிவிடலாம். பருத்த பூனைகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம். காதின் உட்புறமும் ஈறும் மஞ்சளாவது இதன் அடையாளம். முதலில் பசியைக் கெடுத்த காரணம் மிகச் சிறியதாக, தானே நீங்கிவிடக் கூடியதாக இருந்திருக்கலாம். ஆனால் கல்லீரலில் கொழுப்பு தேங்கியபின் அதுவே பசியைக் கொல்லும் தனி நோயாகிவிடுகிறது. மறுபக்கம் பார்த்தால், தீவிரமாக உணவூட்டினால் இந்தக் கல்லீரல் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்பது நமக்குள்ள பெரிய ஆறுதல்.

உங்கள் பூனை நான்கு நாட்களாகச் சாப்பிடவில்லை என்கிறீர்கள். எடைக் கணக்கு வேறு செய்தி சொல்கிறது. நான்கு நாள் பட்டினி மட்டும் அரைக் கிலோ உடலைக் கரைப்பது கடினம். ஒன்று, நீர்ச்சத்து பெருமளவு குறைந்திருக்க வேண்டும். அல்லது உணவின் அளவு இரண்டு மூன்று வாரங்களாகவே மெல்லக் குறைந்துவந்திருக்க வேண்டும். தட்டு எப்போதும் நிரம்பியிருக்கும் வீடுகளில் இது கண்ணில் படாது. இந்தத் தகவலை மருத்துவரிடம் சொல்லுங்கள், ஏனென்றால் திடீரென வந்த நோயும் மெல்ல வளர்ந்த நோயும் வெவ்வேறு பட்டியலைச் சேர்ந்தவை.

"இரத்தத்தில் எல்லாம் சரி" என்ற வாக்கியத்தையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். பரிசோதித்தவை சரியாக இருக்கின்றன என்பதே அதன் பொருள். வாயின் உட்புறம் இரத்தத்தில் தெரியாது. கலிசி வைரஸ் நாக்கில் உண்டாக்கும் புண்ணும், ஈறுக்குக் கீழே அரித்துப்போன பல்லும், நாக்கின் அடியில் சுற்றிக்கொண்ட நூலும் வாயைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். முரண்டுபிடிக்கும் பூனைக்கு இலேசான மயக்க மருந்து கொடுத்தாவது பார்க்க வேண்டும். நம் வீடுகளில் பூக்கட்டிய நூலும் தையல் நூலும் தரையில் கிடக்கின்றன. அவற்றை விழுங்கிய பூனைகளின் குடல் சுருக்குப்பையைப் போல மடிந்துவிடுகிறது. நூலின் நுனி வாயிலோ ஆசனவாயிலோ தெரிந்தால் இழுக்காதீர்கள், இழுத்தால் குடல் அறுபடும். கணைய அழற்சி வழக்கமான இரத்தப் பரிசோதனையில் பெரும்பாலும் சிக்காது. கிரியேட்டினின் என்ற அளவு, சிறுநீரகத்தின் செயல்திறனில் ஏறத்தாழ முக்கால் பங்கு போனபின்தான் தெளிவாக உயரும். அதனால்தான் இரத்தத்தோடு சிறுநீரின் அடர்த்தியையும் அளக்கச் சொல்கிறோம். ஆகவே அடுத்த படியாக வயிற்று ஸ்கேன், சிறுநீர்ப் பரிசோதனை, எக்ஸ்ரே ஆகியவற்றைக் கேளுங்கள். கல்லீரல் நொதிகளையும், மஞ்சள் காமாலையைக் காட்டும் பிலிருபினையும், பொட்டாசியத்தையும் மறுபடியும் பாருங்கள். பட்டினி தொடர்ந்திருப்பதால் முந்தைய அறிக்கை இப்போது பழசாகிவிட்டது.

மொட்டை மாடியில் உலவும் பூனை என்பதால் இன்னொன்றையும் சேர்க்கிறேன். பல்லியை வேட்டையாடித் தின்னும் வழக்கம் அதற்கு இருக்கிறதா? வெப்ப நாடுகளில் பல்லியின் உடல் வழியாகப் பூனைக்குள் வரும் ஒருவகைத் தட்டைப்புழு, பித்தக் குழாய்களில் தங்கி அவற்றைத் தடிக்கச் செய்து, பசியின்மையையும் எடைக் குறைவையும் மஞ்சள் காமாலையையும் உண்டாக்கும். வழக்கமான குடற்புழு மாத்திரையின் அளவு இதற்குப் போதாது. பிராசிகுவான்டெல் மருந்தை அதிக அளவில், தொடர்ந்து சில நாட்கள் கொடுக்க வேண்டியிருக்கும். பல்லி பிடிக்கும் பூனை என்று நீங்கள் வாய்விட்டுச் சொன்னால்தான் மருத்துவருக்கு இந்த எண்ணமே வரும். எலி மருந்து வைத்த வீடு பக்கத்தில் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

ஊசி போட்ட மறுநாள் சாப்பிட்டது என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. அது காய்ச்சலையோ வலியையோ குமட்டலையோ அடக்கும் ஊசியாக இருந்தால், அந்த மூன்றில் எது பூனையின் தடை என்பதற்கு அதுவே துப்பு. ஸ்டீராய்டாக இருந்தால் காரணம் எதுவாயினும் ஒரு நாள் பசி திரும்புவது இயல்பு; அது நோயை மூடிமறைக்கவும் செய்யும். ஸ்டீராய்டு போட்ட பூனைக்கு மெலாக்ஸிகாம் போன்ற வலி மருந்தைச் சேர்த்துக் கொடுப்பது குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு. எனவே போட்ட ஊசியின் பெயரையும் அளவையும் எழுதித் தரும்படி கேட்டு வாங்குங்கள். கேட்பதில் அவமதிப்பு எதுவும் இல்லை. இரண்டாவதாக ஒரு மருத்துவரைப் பார்க்க நேர்ந்தால் அந்தச் சீட்டு பூனையின் உயிரைக் காக்கலாம்.

தட்டுவரை வந்து முகர்ந்து, உதட்டை நக்கிக்கொண்டு திரும்புவது பொதுவாகக் குமட்டலின் அறிகுறி. வாய்வலி உள்ள பூனை ஆசையோடு வாயை வைத்து, கத்திவிட்டு விலகும், அல்லது ஒரே பக்கமாக மெல்லும். குமட்டும் பூனைக்குச் சிரிஞ்சில் திணிப்பது இரண்டு வகையில் தவறாகிறது: நுரை தள்ளும்போது உணவு மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியாவாகலாம், தவிர, குமட்டலோடு வந்த உணவைப் பூனை நீண்ட நாள் வெறுக்கும், நோய் தீர்ந்த பிறகும்கூட. சிரிஞ்சை இப்போதைக்கு நிறுத்துங்கள். மரோபிடன்ட் அல்லது ஒண்டான்செட்ரான் கொண்டு முதலில் குமட்டலை அடக்கலாமா என்றும், பிறகு பசியைத் தூண்ட மிர்ட்டாஸபின் கொடுக்கலாமா என்றும் மருத்துவரைக் கேளுங்கள். இந்த மிர்ட்டாஸபின் மனிதர்களின் மனச்சோர்வுக்கான மாத்திரைதான், பூனைக்கு அதில் மிகச் சிறிய பங்கே தேவைப்படும். கடையில் வாங்கி நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள்.

பூனை மூக்கால் சாப்பிடும் விலங்கு. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த உணவில் அதற்கு வாசம் இல்லை. உடல் சூட்டுக்கு, அதாவது 38 டிகிரி செல்சியஸ் அளவுக்கு வெதுவெதுப்பாக்கி, அகலமான தட்டில், மண் தட்டுக்குத் தொலைவில் வையுங்கள். சளியால் மூக்கு அடைத்திருந்தால் ஈரப் பஞ்சால் துடைத்துவிடுங்கள். உப்பும் மசாலாவும் வெங்காயமும் பூண்டும் சேராமல் வேகவைத்த கோழி, முள் நீக்கிய மத்தி, கோழி வெந்த நீர் ஆகியவற்றை முயலலாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைப்பவை, எனவே வீட்டுக் குழம்பில் கிடந்த மீனைக் கழுவிப் போடுவது கூடாது. கால் மணி நேரத்தில் தொடாவிட்டால் தட்டை எடுத்துவிடுங்கள். நாள் முழுவதும் முகத்தின் முன் நீட்டிக்கொண்டே இருப்பது வெறுப்பைத்தான் வளர்க்கும். உணவில் மருந்தை ஒளித்து வைக்கவும் வேண்டாம். பால்சோறும் தயிர்சாதமும் போட்டு வளர்க்கும் வீடுகளுக்கு இங்கே ஒரு வார்த்தை: இறைச்சியிலும் மீனிலும் மட்டுமே போதிய அளவு கிடைக்கும் டாரின் என்ற சத்து இல்லாமல் போனால் பூனையின் இதயத் தசை தளர்ந்துவிடும் என்பது 1987-லேயே நிறுவப்பட்ட உண்மை. நம் ஊரில் அது இன்னும் பரவலாகத் தெரியவில்லை என்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

இவ்வளவு செய்தும் ஒரு நாளில் அது சாப்பிடத் தொடங்காவிட்டால், உணவூட்டும் குழாயைப் பொருத்தும்படி நீங்களே கேளுங்கள். குழாய் என்றவுடன் குடும்பங்கள் அஞ்சுகின்றன, கடைசிக் கட்டம் என்று எண்ணி அழுகிறார்கள். உண்மையில் அது தொடக்கத்திலேயே செய்ய வேண்டியது. மூக்கு வழியாகச் செல்லும் மெல்லிய குழாயை மயக்க மருந்து இல்லாமலேயே போட்டுவிடலாம். அதில் நீர்த்த உணவை மட்டுமே சில நாட்களுக்குச் செலுத்த முடியும். கழுத்தின் பக்கவாட்டில் பொருத்தும் குழாய்க்குச் சிறிது நேர மயக்கம் தேவை, ஆனால் அது வாரக்கணக்கில் நிற்கும், மருந்துகளையும் அதிலேயே கொடுத்துவிடலாம், பூனையோடு தினம் மல்லுக்கட்ட வேண்டியதில்லை. உங்கள் பூனைக்கு நாளொன்றுக்குச் சுமார் 200 கிலோகலோரி தேவை. அதை முதல் நாளே முழுவதும் கொடுத்துவிடக் கூடாது. பட்டினி கிடந்த உடலுக்குள் உணவு திடீரெனப் புகுந்தால் இரத்தத்தில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். கால் பங்கில் தொடங்கி மூன்று நான்கு நாட்களில் முழு அளவை எட்டுவது முறை.

எல்லாம் செய்தும் காய்ச்சல் ஏறி இறங்கிக்கொண்டே இருந்து, கிருமிக்கொல்லி மருந்துக்கும் அடங்காவிட்டால், எஃப்ஐபி என்று சுருக்கமாக அழைக்கப்படும், பூனைகளுக்கு வரும் கொரோனா வைரஸ் நோயையும் நினைக்க வேண்டும். இது இரண்டு வயதுக்கு உட்பட்ட பூனைகளையே அதிகம் தாக்கும், ஆனால் ஐந்து வயது அதற்கு விலக்கு இல்லை. உங்கள் கையில் உள்ள அறிக்கையில் அல்புமின், குளோபுலின் என்ற இரண்டு இரத்தப் புரதங்களின் அளவு இருந்தால், முதலாவதை இரண்டாவதால் வகுத்துப் பாருங்கள்: 0.8-க்கு மேல் இருந்தால் இந்த நோய்க்கு வாய்ப்புக் குறைவு, 0.4-க்குக் கீழே என்றால் வலுவாகச் சந்தேகிக்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்புவரை இது ஏறக்குறைய மரண தண்டனையாக இருந்தது. கோவிட் காலத்தில் நாம் கேள்விப்பட்ட ரெம்டெசிவிர், அதன் உறவான ஜிஎஸ்-441524 ஆகிய மருந்துகள் இன்று பெரும்பாலான பூனைகளை மீட்கின்றன; வழக்கமாக 12 வாரச் சிகிச்சை. உங்கள் ஊரில் ஸ்கேன் வசதியோ குழாய் பொருத்தும் அனுபவமோ இல்லையென்றால், திருநெல்வேலி, நாமக்கல், சென்னை வேப்பேரி ஆகிய இடங்களில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகளை நாடலாம். முதலில் அருகிலுள்ள மருத்துவமனையில் ட்ரிப்ஸ் ஏற்றி நிலையைச் சீராக்கிக்கொண்டு, கூடையை ஒரு துணியால் மூடி, அறிக்கைகள் அனைத்தையும் எடுத்துக்கொண்டு புறப்படுங்கள்.

கவனிக்கத் தவறிவிட்டோமா என்று கேட்டிருந்தீர்கள். பூனை தன் நோயை மறைக்கும். காட்டில் பலவீனத்தைக் காட்டிய விலங்கு இரையாகிவிடும் என்பதால் அந்தப் பழக்கம் அதன் இரத்தத்திலேயே ஊறியிருக்கிறது. அதை மீறி நீங்கள் எடையைக் குறித்து வைத்திருக்கிறீர்கள், உதட்டை நக்குவதைக்கூடக் கவனித்திருக்கிறீர்கள். நான் மேலே சொன்னவற்றில் பாதி உங்கள் அந்தக் கவனிப்பிலிருந்து பிறந்தவைதான். ஒருவேளை ஸ்கேனில் தீர்க்க முடியாத நோய் தெரியவந்தால், வலியின்றி வைத்திருப்பது எவ்வளவு நாள் சாத்தியம், எந்தக் கட்டத்தில் விடைகொடுப்பது அதற்குச் செய்யும் கருணை என்று மருத்துவரிடம் நேராகவே கேளுங்கள். ஆனால் அந்த உரையாடலுக்கு இன்னும் நேரம் வரவில்லை. இன்றைய வேலை, குமட்டலை அடக்குவதும் உணவு உள்ளே போவதும்.

அது தானாகச் சாப்பிடத் தொடங்கிவிட்டால் உடனே குழாயை எடுக்கச் சொல்லாதீர்கள். குழாய் வழியே எதுவும் கொடுக்காமல் ஒரு வாரமாவது எடை குறையாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பூனையைத் தூக்கிக்கொண்டு எடைக்கருவியில் ஏறி, பிறகு தனியாக ஏறிக் கழித்தால் ஓரளவு சரியான கணக்கு வரும். குழந்தைகளுக்கான எடைக்கருவி கிடைத்தால் இன்னும் நல்லது. வாரம் ஒருமுறை, அதே கருவியில், அதே நேரத்தில் நிறுத்து நாட்காட்டியில் எழுதி வாருங்கள். பழைய 4.8 கிலோவுக்குத் திரும்ப ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம்.