வாசகர் கேள்வி: முகவரியில் எண்ணை மாற்றிப் பார்ப்பது குற்றமா?

கேள்வி: எங்கள் கல்லூரியின் கட்டண இணையதளத்தில் என் ரசீதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, முகவரியின் கடைசியில் இருந்த எண்ணுடன் ஒன்றைக் கூட்டிப் போட்டேன். இன்னொரு மாணவரின் பெயர், அவருடைய தந்தையின் கைப்பேசி எண், ஆதார் நகல் எல்லாம் திறந்துகொண்டன. கடவுச்சொல் எதையும் நான் உடைக்கவில்லை. குறை எவ்வளவு பெரிது என்று நிரூபிக்க, ஒரு நிரல் எழுதி எல்லோருடைய விவரங்களையும் இறக்கி நிர்வாகத்திடம் காட்டலாமா?
– பொறியியல் மாணவர், திருச்சி

பதில்: வேண்டாம். அந்த நிரலை எழுதாதீர்கள்.

தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 43ஆவது பிரிவு, கடவுச்சொல் உடைக்கப்பட்டதா என்று பார்ப்பதில்லை. கணினியின் உரிமையாளரோ பொறுப்பாளரோ அனுமதி தந்தாரா என்றுதான் பார்க்கிறது. அனுமதியின்றி நுழைவதற்கும் தரவைப் படியெடுப்பதற்கும் அதன்படி இழப்பீடு கோரலாம். அவற்றையே நேர்மையற்ற நோக்கத்துடனோ மோசடியாகவோ செய்தால், 66ஆவது பிரிவின்படி 3 ஆண்டுகள் வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கும். உங்கள் நோக்கம் நல்லது என்று நான் நம்புகிறேன். ஆனால் சக மாணவர்கள் அத்தனை பேரின் ஆதார் நகல்களும் உங்கள் மடிக்கணினியில் இருக்கும்போது, அதை விசாரணை அதிகாரியிடம் நம்பவைப்பது எளிதல்ல.

அமெரிக்காவில் 2010இல் நடந்ததும் ஏறக்குறைய இதேதான். ஐபேடின் சிம் அட்டை எண்ணை முகவரியில் சேர்த்து அனுப்பினால், ஏடி அண்ட் டி நிறுவனத்தின் இணையதளம் அதன் உரிமையாளருடைய மின்னஞ்சல் முகவரியைக் காட்டியது. இருவர், எண்களை ஊகித்து அனுப்பும் நிரலைக் கொண்டு சுமார் 1,14,000 மின்னஞ்சல் முகவரிகளைத் திரட்டினார்கள். பட்டியல் ஒரு செய்தித்தளத்தின் கைக்குப் போனது. அவர்களில் ஒருவரான ஆண்ட்ரூ ஆர்ன்ஹைமருக்கு 2013இல் 41 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2014 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்து செய்ததற்குக் காரணம், வழக்கை நியூஜெர்சியில் நடத்தியிருக்கக் கூடாது என்பதே. அதற்குள் அவர் ஓராண்டுக்கும் மேல் சிறையில் இருந்துவிட்டார்.

நல்லெண்ணத்துடன் பாதுகாப்பு ஆய்வு செய்பவர்கள்மீது வழக்குத் தொடர வேண்டாம் என்று 2022 மே மாதத்தில் அமெரிக்க அரசின் நீதி அமைச்சகம் தன் வழக்கறிஞர்களுக்கு அறிவுறுத்தியது. நம் சட்டத்தில் அப்படி வெளிப்படையான விலக்கு ஏதும் இல்லை. இது பெரிய குறை என்றே கருதுகிறேன்; ஏனெனில் ஓட்டையைக் கண்டவர் பயந்து வாயை மூடிக்கொண்டால், அடுத்து அதைக் காண்பவர் திருடராக இருக்கக்கூடும்.

சட்டத்தை விட்டுவிட்டு அறத்தைப் பார்த்தாலும் விடை மாறாது. அந்த நகல்கள் கல்லூரியின் சொத்து அல்ல, அந்த மாணவர்களுடையவை. அவற்றைப் பார்க்க அவர்கள் உங்களுக்கு ஒப்புதல் தரவில்லை. குறை இருப்பதை நிரூபிக்க, தற்செயலாகத் திறந்த அந்த ஒரு பக்கமே போதும்.

பார்த்த நாள், நேரம், எந்த எண்ணை மாற்றினீர்கள் என்ற விவரம், ஆதார் எண்ணையும் பெயரையும் மறைத்த திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) ஒன்று ஆகியவற்றுடன் நிர்வாகத்துக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். அதன் நகலை, இத்தகைய பாதுகாப்புக் குறைகளைப் பெற்று ஒருங்கிணைக்கும் மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன்னுக்கும் அனுப்புங்கள். பணமோ பரிசோ கேட்காதீர்கள். "சரிசெய்யாவிட்டால் வெளியிடுவேன்" என்ற தொனி கடிதத்தில் எங்கும் வந்துவிட வேண்டாம். நிர்வாகம் தாமதித்தால் செர்ட்-இன்னுக்கு மீண்டும் எழுதுங்கள். சரிசெய்யப்படும் வரை, மாணவர் வாட்ஸ்அப் குழுவில்கூட அந்த முகவரியைப் பகிராதீர்கள்.