போர்ச் லைட்டை அணைத்துவிட்டு மாடியில் ஒளிந்துகொள்ள வேண்டுமா?

கேள்வி: ஆகஸ்டில்தான் நியூ ஜெர்சி எடிசனில் டவுன்ஹவுஸ் வாங்கிக் குடியேறினோம். முன்பு அப்பார்ட்மென்டில் இருந்ததால், பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டு வரும் ஹாலோவீன் (அக்டோபர் 31) அன்று யாரும் கதவைத் தட்டியதில்லை. இங்கே நூறு பிள்ளைகளாவது வரும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். வாசலில் மூன்று படி இருக்கிறது. ஒரு பிள்ளை தடுக்கி விழுந்தாலும் கேஸ் போட்டு வீட்டை எழுதி வாங்கிவிடுவார்கள், அக்டோபருக்குள் 10 லட்சம் டாலருக்கு அம்ப்ரெல்லா பாலிசி (வீட்டு, கார் பாலிசிகளின் வரம்பைத் தாண்டும் நஷ்ட ஈட்டுக்கான கூடுதல் காப்பீடு) எடுங்கள் என்கிறார் எங்கள் இன்சூரன்ஸ் ஏஜென்ட். பேசாமல் விளக்கை அணைத்துவிடலாமா? அக்கம்பக்கத்தில் தப்பாக நினைப்பார்களா? மாமியார் வேறு முறுக்கு சுட்டுத் தருகிறேன் என்கிறார்.

பதில்: விளக்கை அணைக்கலாம், யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள். போர்ச் லைட் எரிந்தால் வரலாம், அணைந்திருந்தால் அடுத்த வீட்டுக்குப் போகணும், இதுதான் எழுதப்படாத விதி, நாலு வயதுக் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஊருக்குப் போயிருப்பார்கள், கைக்குழந்தை தூங்கும், மிட்டாய் தீர்ந்திருக்கும், ஆயிரம் காரணம் இருக்கும், யாரும் துருவிக் கேட்பதில்லை. விளக்கைப் போட்டுவிட்டு உள்ளே டிவி பார்த்துக்கொண்டு மணி அடித்தால் திறக்காமல் இருப்பதுதான் மரியாதைக் குறைவு.

ஆனால் உங்கள் ஏஜென்ட் சொன்னதற்குப் பயந்து அணைக்காதீர்கள். பதினெட்டு வருஷமாக நானும் இதே இன்சூரன்ஸ் தொழிலில் இருக்கிறேன், அக்டோபர் வந்தால் ஹாலோவீன், டிசம்பர் வந்தால் பனிச்சறுக்கல் என்று எதையாவது காட்டிப் பயமுறுத்தி பாலிசி விற்கும் கூட்டத்தை நன்றாகத் தெரியும். நம் ஆட்களிலேயே இவர்கள் அதிகம், தமிழில் பேசுகிறாரே என்று நாமும் நம்பிவிடுகிறோம். முதலில் உங்கள் கையில் இருக்கும் வீட்டு இன்சூரன்ஸ் பாலிசியின் முதல் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். ‘பெர்சனல் லயபிலிட்டி’ என்று ஒரு வரி இருக்கும், குறைந்தது 1,00,000 டாலர், பலருக்கு 3,00,000. உங்கள் கவனக்குறைவால் வெளியாள் ஒருவருக்கு அடிபட்டால் நஷ்ட ஈடும் வக்கீல் செலவும் அதிலிருந்து போகும். அதற்குக் கீழே ‘மெடிக்கல் பேமென்ட்ஸ்’, வழக்கமாக 1,000 முதல் 5,000 டாலர் வரை. யார் மேல் தப்பு என்று பார்க்காமலே சின்னச் சின்ன ஆஸ்பத்திரி பில்லை இது கட்டும். முழங்கால் சிராய்ப்புக்கும் கை சுளுக்குக்கும் பெரும்பாலும் இது போதும். இந்த இரண்டு வரியை ஏஜென்ட் உங்களுக்குக் காட்டினாரா? காட்டியிருக்கமாட்டார். புது பாலிசி விற்றால்தானே அவருக்குக் கூடுதல் கமிஷன் கிடைக்கும்.

அம்ப்ரெல்லா பாலிசி மோசம் என்று நான் சொல்லவில்லை. வீட்டில் பதினேழு வயதுப் பையன் கார் ஓட்டத் தொடங்கினால் நானே எடுக்கச் சொல்வேன், வருஷத்துக்குச் சில நூறு டாலர்தான் ஆகும். மூன்று படிக்கட்டுக்காக எடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

ஒரு பிள்ளை விழுந்துவிட்டது என்பதாலேயே யாரும் உங்கள் வீட்டைப் பிடுங்கிவிட முடியாது. ஆபத்து இருப்பது உங்களுக்குத் தெரிந்தும் சரி செய்யாமல், எச்சரிக்காமல் விட்டீர்களா என்பதுதான் கேள்வியாக வரும். ஆடுகிற கைப்பிடியை முடுக்குங்கள், ஈர இலையைக் கூட்டுங்கள், தோட்டக் குழாயைச் சுருட்டி வையுங்கள், நல்ல பல்பு போடுங்கள். பொது நடைபாதையில் விளக்கு எரியவில்லை என்றால் அது பெரும்பாலும் எச்.ஓ.ஏ. (குடியிருப்பின் வீட்டு உரிமையாளர் சங்கம்) பொறுப்பு, போனில் சொல்லாமல் மின்னஞ்சலில் எழுதிப் போடுங்கள். எங்கள் எச்.ஓ.ஏ. பூசணிக்காயை எந்தத் தேதிக்குள் எடுக்கவேண்டும் என்று நாலு பக்கம் கடிதம் அனுப்பியது, அணைந்துபோன நடைபாதை விளக்கைப் பற்றி நான் மூன்று முறை எழுதியும் பதிலே இல்லை. மாதாமாதம் பணம் மட்டும் தவறாமல் எடுத்துக்கொள்கிறார்கள்.

நாய் இருந்தால் மட்டும் கொஞ்சம் கூடுதல் கவனம். நியூ ஜெர்சி சட்டப்படி நாய் கடித்தால் உரிமையாளர்தான் பொறுப்பு, இதுவரை யாரையும் கடித்ததே இல்லை என்ற பேச்சு எடுபடாது. விளக்கைப் போட்டு நீங்களே வரவழைத்த பிள்ளை அத்துமீறி நுழைந்தவனும் இல்லை. எவ்வளவு சாது நாயாக இருந்தாலும் அன்று மாலை உள்ளறையில் போட்டுப் பூட்டிவிடுங்கள்.

சரி, மிட்டாய்க்கு வருவோம். கடையில் வாங்கிய, தனித்தனியாகச் சுற்றிய, கையடக்கமான மிட்டாய் மட்டும் கொடுங்கள். எத்தனை பாக்கெட் என்று என்னைக் கேட்காதீர்கள், போன வருஷம் எத்தனை பேர் வந்தார்கள் என்று அந்தப் பக்கத்து வீட்டுக்காரரையே கேளுங்கள். டவுன்ஹவுஸில் கதவுகள் அடுத்தடுத்து இருப்பதால் வெளித்தெருப் பிள்ளைகளையும் காரில் கொண்டுவந்து இறக்குவார்கள், அதற்கு முகம் சுளிக்கவேண்டாம். கிண்ணத்தை நீங்களே பிடித்துக்கொண்டு ஆளுக்கு ஒன்றோ இரண்டோ போடுங்கள். மீசை அரும்பிய பையன் வந்தால் வயது கேட்காதீர்கள், போட்டு அனுப்புங்கள்.

மாமியாரின் முறுக்கு வேண்டாம். ருசியில் குறையில்லை, ஆனால் வீட்டில் செய்ததை முன்பின் தெரியாத பிள்ளையின் பையில் போட்டால் அந்தத் தாய் வீட்டுக்குப் போனதும் குப்பையில் போடுவாள். அப்புறம், நம் வழக்கப்படி “உள்ளே வாப்பா, தண்ணி குடிக்கிறியா” என்று கூப்பிட்டுவிடாதீர்கள். பிள்ளை வாசற்படி தாண்டக்கூடாது, கூட வந்தவர் நடைபாதையிலேயே நிற்பார், கை அசைத்தால் போதும். கன்னத்தைக் கிள்ளுவது, பிறத்தியார் பிள்ளையைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவது, இரண்டும் கூடாது.

வேர்க்கடலை போன்ற உணவு ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்காகச் சில வீட்டு வாசலில் நீலப்பச்சை நிறத்தில் ஒரு பூசணி இருக்கும். அங்கே தின்பண்டம் அல்லாத ஸ்டிக்கர், பென்சில் மாதிரி ஏதாவது கிடைக்கும். டென்னஸியில் தொடங்கிய பழக்கம், 2014 முதல் நாடு முழுக்கப் பரவியது. முடிந்தால் நீங்களும் ஒரு சின்னப் பெட்டி வையுங்கள். உங்கள் பிள்ளை சைவம் என்றால் வாங்கி வருவதில் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கிறதா என்று உறையைப் பாருங்கள்.

விளக்கு விதிக்கு ஒரே ஒரு சிக்கல் உண்டு, அது நம் ஆட்களுக்கு மட்டுமே வரும். 2024-இல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே அக்டோபர் 31. ஓக் ட்ரீ ரோடு பக்கம் நம் வீடுகளில் எல்லாம் வாசலில் கோலம், அகல், சீரியல் பல்பு. நானும் போர்ச் முழுக்க விளக்கு வைத்துவிட்டு, அந்த வருஷம் மிட்டாய் வேண்டாம் என்றும் முடிவு செய்திருந்தேன், மடையன். ஆறரைக்குள் இருபது பிள்ளைகள் வந்துவிட்டார்கள். அவர்களுக்கு எது லட்சுமிக்கு, எது தங்களுக்கு என்று எப்படித் தெரியும்? கையில் இருந்தது முந்திரிக் கேக்தான். முந்திரி, பாதாம் மாதிரி கொட்டைகள் ஒவ்வாத பிள்ளைக்கு அது விஷம், கொடுக்கவும் முடியவில்லை, கதவை மூடவும் மனசு வரவில்லை. அதனால் இரண்டும் ஒட்டி வரும் வருஷங்களில் மிட்டாய் தராவிட்டால் போர்ச் விளக்கை அணைத்து, மற்ற விளக்குகளைக் கொல்லைப் பக்கம் வையுங்கள், அல்லது இன்று மிட்டாய் இல்லை என்று ஆங்கிலத்தில் ஓர் அட்டை மாட்டுங்கள். மிட்டாய் தருவதாக இருந்தால் அகலை மட்டும் படியிலிருந்து எடுத்துவிடுங்கள். தரையைக் கூட்டும் பாலியஸ்டர் அங்கியோடு சூனியக்காரியாக வரும் ஐந்து வயதுக் குழந்தை கீழே எரியும் திரியைப் பார்க்காது. பாட்டரி அகல் கடையில் கிடைக்கிறது, சுவாமிக்கு உள்ளே நெய் விளக்கு ஏற்றிக்கொள்ளலாம்.

மிட்டாயில் விஷம் என்று அக்டோபர்தோறும் வரும் வாட்ஸ்அப் செய்தியை நம்பாதீர்கள். டெலவேர் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட் பல பத்தாண்டுகளாகத் தேடியும், முன்பின் தெரியாத ஒருவர் கண்டபடி விஷம் கலந்து கொடுத்து ஒரு பிள்ளை இறந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. 1974-இல் டெக்சாஸில் விஷ மிட்டாய் தின்று ஒரு சிறுவன் இறந்தது உண்மை, ஆனால் அது பெற்ற தகப்பனே ஆயுள் காப்பீட்டுப் பணத்துக்காக மகனுக்குச் செய்தது. நிஜ ஆபத்து கார்தான். ஹாலோவீன் மாலையில் நடந்துபோகிறவர்கள் வண்டியில் அடிபட்டு இறக்கும் அபாயம் மற்ற மாலைகளைவிட 43 சதவீதம் அதிகம் என்று 2019-இல் வந்த ஆய்வு சொல்கிறது. அன்று ஆபீஸிலிருந்து வரும்போது தெருமுனையிலேயே வேகத்தைக் குறையுங்கள். உங்கள் பிள்ளை கையில் டார்ச் கொடுங்கள், முகமூடிக்குப் பதில் முகத்தில் வண்ணம் பூசுங்கள், அடுத்தவர் புல்வெளியில் குறுக்கே நடக்கவிடாதீர்கள். முட்டை எறிவது, மரத்தில் டாய்லெட் பேப்பர் சுற்றுவது எல்லாம் நியூ ஜெர்சியில் பெரும்பாலும் முந்தின நாள், 30-ஆம் தேதி இரவு, ‘மிஸ்சிஃப் நைட்’ என்பார்கள். அன்றைக்குக் காரை கராஜுக்குள் விடுங்கள்.

31-ஆம் தேதி ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், சின்னப் பிள்ளைகள் அதற்கும் முன்பே வருவார்கள், ஐந்தரைக்கே தயாராக இருங்கள். எட்டரை ஆனாலோ மிட்டாய் தீர்ந்தாலோ விளக்கை அணைத்துவிடுங்கள். முறுக்கை மறுநாள் ஒரு டப்பாவில் போட்டு, நூறு பிள்ளை வரும் என்று முன்கூட்டியே சொன்ன பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுங்கள்.