ஒத்துப்போகாமல் வாழ முடியுமா?

கேள்வி: எதைப் படிக்கலாம், யாரோடு பழகலாம், எதை நம்ப வேண்டும் என்பதையெல்லாம் என்னைச் சுற்றியிருப்பவர்களே முடிவு செய்கிறார்கள். மாறாகப் பேசினால் வேலையும் உறவும் போய்விடும். பேசாமலே இருந்தால், எனக்கென்று ஒரு கருத்து இருந்ததே மறந்துபோகுமோ என்று அஞ்சுகிறேன். என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது. சமூகத்தின் கெடுபிடி அன்றாட வாழ்வின் மூலைமுடுக்குகளில் எல்லாம் நுழைந்துவிடுவதால், அரசின் கெடுபிடியைவிட அதிலிருந்து தப்புவது கடினம் என்று ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் 1859-ஆம் ஆண்டிலேயே எழுதினார். ஆனால் வாய்மூடி இருப்பதும் பொய் சொல்வதும் ஒன்றல்ல என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். மனத்தில் உள்ளதை எல்லோரிடமும் கொட்டித் தீர்க்க வேண்டிய கடமை யாருக்கும் கிடையாது. நம்பாத ஒன்றை நம்புவதாகச் சொல்லி, கூட்டத்தோடு கைதட்டி, அதே பொய்யை அடுத்தவர் மேலும் திணிக்கத் தொடங்கும்போதுதான் நீங்கள் அஞ்சும் மறதி வந்து சேர்கிறது.

அடுத்து, நம்பத்தக்க இரண்டு மூன்று பேரைத் தேடிக்கொள்ளுங்கள். தனி ஆளாக நெடுநாள் தாக்குப்பிடிப்பது அரிது. ரஷ்யப் பேரரசின் பிடியில் இருந்த போலந்து நகரமான வார்சாவில் பெண்களுக்குப் பல்கலைக்கழகத்தில் இடமில்லாதிருந்தபோது, காவல்துறையின் கண்ணில் படாமல் வீடு வீடாக இடம் மாற்றி வகுப்புகளை நடத்தினார்கள். 'பறக்கும் பல்கலைக்கழகம்' எனப் பெயர்பெற்ற அந்த வகுப்புகளில் படித்த இளம்பெண்களில் ஒருவர்தான், பின்னாளில் 1903-லும் 1911-லும் நோபல் பரிசு பெற்ற மேரி கியூரி. சோவியத் நாட்டில் தடைசெய்யப்பட்ட எழுத்துகளை மெல்லிய தாள்களுக்கு நடுவே கார்பன் தாள்களைச் செருகித் தட்டச்சு செய்தார்கள். அடித்தாளிலும் எழுத்து பதிய வேண்டும் என்பதற்காக விசைகளை ஓங்கித் தட்ட வேண்டியிருந்தது. அப்படியும் கடைசிப் படி மங்கலாகத்தான் வரும். அந்த மங்கல் படியும் கை மாறி, படித்தவர் வீட்டில் மீண்டும் தட்டச்சாகிப் பெருகியது. இதைச் செய்தவர்களில் பலர் வெளியே ஒரு சொல்லும் உரக்கப் பேசாதவர்கள் என்பதை நீங்கள் நினைவில் கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

கேள்வி: சட்டம் ஏட்டளவில் மட்டுமே இருக்கும் இடத்தில் உரிமையைப் பற்றிப் பேசிப் பயன் உண்டா?

பதில்: உண்டு. ஏட்டில் இருப்பதையே பிடித்துக்கொண்டு நின்ற ஒருவரைச் சொல்கிறேன். அலெக்சாண்டர் எசெனின்-வோல்பின் ஒரு கணித அறிஞர். மனநல மருத்துவமனைகளில் பலமுறை அடைக்கப்பட்டவர். இரண்டு எழுத்தாளர்கள் கைதானபோது, அவர்கள் நிரபராதிகள் என்றுகூட அவர் வாதாடவில்லை. நீதிமன்ற விசாரணை வெளிப்படையாக நடக்க வேண்டும் என்று சோவியத் அரசியலமைப்பே சொல்வதால், அதன்படி நடத்துங்கள் என்று மட்டுமே கேட்டார். 1965 டிசம்பர் 5 அன்று மாஸ்கோவின் புஷ்கின் சதுக்கத்தில் 'சோவியத் அரசியலமைப்பை மதியுங்கள்' என்ற பதாகையை விரித்த சில நொடிகளுக்குள் அது பிடுங்கப்பட்டது. ஆனாலும் தங்கள் சட்டத்தையே மதிக்கச் சொன்னவர்களைக் குற்றவாளிகளாகக் காட்டுவது அதிகாரிகளுக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. அந்த நாட்டின் மனித உரிமை இயக்கத்திற்கு அதுவே தொடக்கமாகவும் அமைந்தது. எனவே உங்களைக் கட்டுப்படுத்தும் விதியை வாய்மொழியாக ஏற்காமல், அது எங்கே எழுதப்பட்டுள்ளது என்று பணிவாகக் கேளுங்கள். பல கட்டுப்பாடுகள் எங்குமே எழுதப்படாதவை என்பது அப்போது தெரியவரும்.

கேள்வி: தாங்க முடியாமல் அந்த இடத்தைவிட்டே போய்விடுவது கோழைத்தனமா?

பதில்: அல்லவே அல்ல. சொந்த நாடு உட்பட எந்த நாட்டைவிட்டும் வெளியேறவும், தன் நாட்டுக்குத் திரும்பி வரவும் எவருக்கும் உரிமை உண்டு என்று 1948-ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 13-ஆவது பிரிவு கூறுகிறது. மேலே சொன்ன வோல்பினும் 1972-இல் நாட்டைவிட்டு வெளியேறினார். அவரைக் கோழை என்று சொல்ல எனக்கு மனம் வராது.