கதீஷா பள்ளத்தாக்கும் கேதுருக் காடும்: பினாங்கு நண்பர்களின் கேள்விகளுக்குப் பதில்

வட லெபனானில் உள்ள கதீஷா புனிதப் பள்ளத்தாக்கைப் பற்றி நம் நடைக்குழு நண்பர்கள் கேட்டவற்றுக்கு ஒவ்வொன்றாக எழுதுகிறேன். அந்த நாட்டில் சில ஆண்டுகள் வேலை பார்த்தபோது விடுமுறை கிடைத்தால் அங்கேதான் போவேன். பாதை, மடங்கள், மரங்கள் பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன். விமானச் சீட்டு விலைக்கு முகவர்களிடம் போங்கள்.

பட்டர்வொர்த்திலிருந்து ஓர் அக்கா: நாங்கள் அக்கா தங்கை மூவர், ஐம்பதைத் தாண்டியவர்கள். பயண முகவர் ஒரே நாளில் பால்பெக்கின் ரோமக் கோயில்களையும் கதீஷாவையும் காட்டிவிடுவதாகச் சொல்கிறார். போதுமா?

போதாது அக்கா. பெய்ரூட்டிலிருந்து பிஷர்ரி ஊருக்கு ஏறக்குறைய 110 கிலோமீட்டர். மலைப்பாதையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வண்டி பிஷர்ரியில் நிற்கும், விளிம்பிலிருந்து எட்டிப் பார்ப்பீர்கள், படம் எடுப்பீர்கள், கிளம்பச் சொல்வார்கள். பள்ளத்தாக்கு என்பது அந்த விளிம்புக்குக் கீழே இருக்கிறது. கால் வைக்காமல் திரும்பினால் போனதாகவே ஆகாது. பால்பெக் மலைக்கு மறுபக்கம். இரண்டையும் சேர்க்கும் கணவாய்ப் பாதையைக் குளிர்காலத்தில் பனி மூடிவிடும்.

பிஷர்ரியிலோ எஹ்டெனிலோ இரண்டு இரவு தங்குங்கள். முதல் நாள் கேதுரு (சீடர்) மரக் காடு, அப்புறம் கவிஞர் கலீல் ஜிப்ரான் அருங்காட்சியகம். அதுவே ஒரு பழைய மடம்தான். 1931இல் நியூயார்க்கில் இறந்தவரின் உடலை அங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். இரண்டாம் நாள் காலையில் கீழே இறங்கி, மார் எலிஷா மடத்திலிருந்து கன்னூபீன் மடம் வரை ஆற்றோரமாக நடங்கள். 1695இல் லெபனான் மரோனைட் (அந்நாட்டுக் கத்தோலிக்கத் திருச்சபைப் பிரிவு) துறவற சபை தொடங்கியது அந்த மார் எலிஷாவில்தான்.

கன்னூபீனில் அவசரப்படாதீர்கள். 1440 முதல் சில நூற்றாண்டுகள் மரோனைட் பிதாப்பிதாவின், அதாவது அந்தத் திருச்சபைத் தலைவரின், இருப்பிடம் அது. கோயிலின் ஒரு பாதி கட்டியது, மறு பாதி மலைக்குகை. கையை வைத்தால் பாறை ஈரமாக, சில்லென்று இருக்கும். உள்சுவரில் மாதாவுக்கு முடிசூட்டும் ஓவியம் ஒன்று, கீழே பிதாப்பிதாக்கள் நின்று பார்ப்பதுபோல் வரைந்திருக்கிறார்கள். பக்கத்தில் புனித மரீனாவின் சிற்றாலயம். ஆண் வேடத்தில் துறவியாக வாழ்ந்த பெண் அவர். ஒரு பெண்ணைக் கெடுத்ததாகப் பழி வந்தபோதும் வாய் திறக்காமல், அந்தக் குழந்தையைத் தானே வளர்த்தார் என்றும், இறந்தபின்தான் உண்மை தெரிந்தது என்றும் சொல்கிறார்கள். மூன்று பேரும் அந்தக் கதையை அங்கேயே உட்கார்ந்து கேளுங்கள்.

ஆயர் ஈத்தாமிலிருந்து ஒரு தம்பி: பாதை கஷ்டமா அண்ணே? தண்ணீர்மலைக் கோயிலுக்கு வாராவாரம் ஏறுகிறேன்.

513 படி ஏறுகிற உனக்கு மூச்சுப் பிரச்சினை வராது. ஆனால் தண்ணீர்மலையில் முதலில் ஏற்றம், களைத்தபின் இறக்கம். கதீஷாவில் தலைகீழ். காலையில் தெம்பாக இறங்கிவிட்டு, வெயிலில் களைத்தபின் ஏறவேண்டும். ஹவ்கா ஊரிலிருந்து இறங்கும் வழி செங்குத்தானது. காலை எட்டுக்குள் இறங்கு, மாலை மூன்றுக்குள் மேலே வந்துவிடு. இரண்டு பக்கமும் உயர்ந்த மலை என்பதால் அடியில் வெளிச்சம் சீக்கிரம் போய்விடும், கைப்பேசியில் சிக்னலும் பல இடங்களில் இருக்காது. இந்த மூன்று மணிக் கணக்கை எல்லாருக்கும் சொல்கிறேன், மீறாதே. பயிற்சிக்குத் தாவரவியல் பூங்காவிலிருந்து ஜீப் பாதை வழியாகப் பினாங்கு மலை ஏறு, அந்தச் சரிவு உன் முழங்காலைத் தயார்ப்படுத்தும்.

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஒரு சகோதரி: லெபனான் துறவி புனித சார்பெல் கல்லறை அந்தப் பள்ளத்தாக்கில்தானே?

இல்லை. அவர் 1828இல் பிறந்த பெக்கா காஃப்ரா ஊர்தான் பள்ளத்தாக்கின் மேல் இருக்கிறது. கல்லறை அன்னாயாவில், கடலோர ஜுபைல் ஊருக்கு மேலே. பெய்ரூட்டிலிருந்து வரும் வழியில் விலகிப் போய்ப் பார்க்கலாம், அதற்குத் தனியாக அரை நாள் வையுங்கள்.

சுங்கை டுவாவிலிருந்து: முன்பு ஜெருசலேம் புனிதப் பயணம் போனோம். பிரச்சினையா?

தயவுசெய்து கவனியுங்கள். இஸ்ரேல் போன தடயம் இருந்தால் லெபனானுக்குள் விடமாட்டார்கள். கடப்பிதழில் இஸ்ரேல் முத்திரை இல்லையே என்று நிம்மதியாக இருக்காதீர்கள். எகிப்திலோ ஜோர்டானிலோ தரைவழி எல்லையில் குத்திய முத்திரையே எங்கே போனீர்கள் என்று காட்டிக்கொடுக்கும். பையில் ஒட்டிய பழைய விமானச் சீட்டு, ஜெபமாலையோடு வந்த ரசீது எல்லாவற்றையும் பாருங்கள். டிக்கெட் வாங்குவதற்கு முன் செய்யவேண்டிய வேலை இது.

ஜெலுத்தோங்கிலிருந்து ஓர் ஐயா: என் மகன் மால்பாட் படையில் (ஐ.நா. அமைதிப்படையின் மலேசியப் பிரிவு) லெபனான் போய் வந்தான். அந்தப் பக்கமே போகாதே என்கிறான்.

மகன் சொல்வதைத் தள்ளாதீர்கள் ஐயா. நம் படை 2007 முதல் போனது தெற்கு எல்லைப் பக்கம், கதீஷா வடக்கு. இரண்டும் வேறு நிலைமைதான். ஆனால் வடக்கு என்றால் எப்போதும் பாதுகாப்பு என்றும் சொல்லமாட்டேன். 2024 அக்டோபரில் எஹ்டென் பக்கத்து ஐத்தூ கிராமத்திலேயே குண்டு விழுந்தது. விமான நிலையமும் பெய்ரூட்டின் தெற்குப் புறநகரை ஒட்டியது. நம் வெளியுறவு அமைச்சான விஸ்மா புத்ரா போகவேண்டாம் என்றால் போகாதீர்கள். அமைதி வரும்போது போகலாம்.

கேமரன் மலையில் தோட்டம் வைத்திருக்கும் ஓர் அண்ணன்: அங்கிருந்து நாலு கேதுருக் காய் கொண்டுவந்து கொடுத்தால் நான் கேமரனில் வளர்த்துக்காட்டுவேன்.

வேண்டாம் அண்ணே. அங்கே மிஞ்சியிருப்பது ஏறக்குறைய 375 மரங்கள், 1,900 மீட்டருக்கு மேல். ஒரு காலத்தில் மலை முழுக்க இருந்த காடு அது. கப்பலுக்கும் அரண்மனைக்கும் ஆலயத்துக்கும் வெட்டி வெட்டித் தீர்த்தார்கள். இரண்டாம் நூற்றாண்டிலேயே ரோமப் பேரரசர் ஹாட்ரியன் நான்கு வகை மரங்கள் அரசுக்கு உரியவை என்று லெபனான் மலைப் பாறைகளில் பொறித்துவைத்தார். அந்தக் கல்வெட்டுகள் இருநூறுக்கு மேல் கிடைத்திருக்கின்றன. 1876இல் ஆடுகள் கன்றுகளை மேய்ந்துவிடாமல் இருக்க விக்டோரியா ராணி பணம் கொடுத்துச் சுவர் கட்டினார்கள். அப்படிக் காப்பாற்றிய இடத்திலிருந்து நாம் காயைப் பையில் போடக்கூடாது. கீழே விழுந்ததையும்தான்.

அதே அண்ணன்: ஆடு தின்றால் குற்றம், நான் நட்டால் புண்ணியம் அல்லவா? கேமரனும் குளிர்தானே.

நடுவதைத் தடுக்கவில்லை. அந்தக் குளிர் வேறு. கேதுரு விதை முளைக்கச் சில வாரம் ஈரமான கடுங்குளிர் வேண்டும். வளர்ந்தபின் பனி விழும் குளிர்காலமும், மழையில்லாத கோடையும் வேண்டும். கேமரனில் ஆண்டு முழுக்க மழை, உறைபனி கிடையாது, தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். காய் பிடிக்கவே ஏறக்குறைய நாற்பது ஆண்டு. வெளிநாட்டு விதைக்கு நம் நாட்டில் முன்னனுமதியும் வேண்டும். அனுமதியோடு விற்கும் நாற்றங்காலில் வாங்கி முயலுங்கள், நான் மகிழ்வேன்.

கிளானிலிருந்து வேறொருவர்: அண்ணன் கேட்டது நியாயம். சாலமோன் காலத்து மரம், 3,000 வயது. ஒரு காய் போனால் என்ன?

3,000 என்பது ஊரார் சொல்வது. வயதை எண்ண வளையம் வேண்டும், கிழட்டு மரங்களில் உள்மரம் உளுத்துப்போயிருக்கும். சில மரங்கள் மிகப் பழையவை, அவ்வளவு போதும். ஒரு காய் என்று நீங்கள் நினைப்பதைப்போல் வருகிற ஒவ்வொருவரும் நினைத்தால்? கேதுருக்குப் பகை ஏற்கெனவே நிறைய. 1990களில் தன்னூரீன் என்ற ஊரின் கேதுருக் காட்டில் ஊசியிலை தின்னும் ஒரு பூச்சி பரவிப் பல மரங்களைப் பாழாக்கியது. பனி குறைந்து மலை சூடாக ஆக, மரம் மேலே ஏறவேண்டும். உச்சிக்கு மேல் மலை எங்கே இருக்கிறது? கிட்டே போய் ஒரு கிளையைப் பாருங்கள். காய் மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும், முதிர்ந்ததும் கிளையிலேயே செதில் செதிலாக உதிரும். அந்தச் செதிலோடுதான் விதை பறந்து போய் விழவேண்டும். அதற்காகத்தான் கெஞ்சுகிறேன்.

ஜார்ஜ்டவுனிலிருந்து ஒரு தங்கை: நாங்கள் முருக பக்தர்கள். மடங்களுக்குள் விடுவார்களா?

தாராளமாக, தங்கை. தோளும் முழங்காலும் மூடியிருக்கட்டும், வழிபாடு நடக்கும்போது படம் எடுக்கவேண்டாம். குஸ்ஹய்யா அந்தோணியார் மடத்தைக் கட்டாயம் பாருங்கள். 1610இல் சிரியாக் எழுத்தில் சங்கீதங்கள் அச்சான இடம் அது, பழைய அச்சு இயந்திரம் ஒன்றையும் வைத்திருக்கிறார்கள். வாசல் பக்கத்துக் குகையில் இரும்புச் சங்கிலிகள் தொங்கும். மனநோய் கொண்டவர்களைக் கட்டிவைத்துக் குணமாகும்படி ஜெபித்த காலம் ஒன்று இருந்தது. பார்த்தால் மனம் கனக்கும், பிள்ளைகளோடு போகிறவர்கள் முன்பே சொல்லிவையுங்கள்.

பாயான் பாருவிலிருந்து: ஒரு நாளில் முடிக்கலாமா?

முதல் பதிலைப் படியுங்கள்.

நிபோங் திபாலிலிருந்து: சைவச் சாப்பாடு?

கவலை வேண்டாம். சாத்தர் மூலிகைப் பொடி தூவிய மனாகிஷ் ரொட்டி, லப்னே தயிர், ஹம்முஸ், பருப்பும் அரிசியும் சேர்ந்த முஜத்தரா எங்கும் கிடைக்கும். கடைகளில் டாலர் நோட்டாகவே வாங்குகிறார்கள், கிழியாத, சுத்தமான நோட்டு எடுத்துப்போங்கள்.

நாலைந்து பேர் ஒரே கேள்வி: விசா?

கோலாலம்பூரில் லெபனான் தூதரகம் இருக்கிறது. அவர்களிடம் கேளுங்கள்.

மறுபடி ஜெருசலேம் போனவர்: முத்திரை ஒன்றுதான், மங்கலாக இருக்கிறது, பரவாயில்லையா?

மங்கலாக இருந்தாலும் முத்திரை முத்திரைதான். புதுக் கடப்பிதழ் கிடைக்கும்வரை டிக்கெட் வாங்காதீர்கள்.

ஈப்போவிலிருந்து ஒரு தம்பி: எந்த மாதம் போகலாம்?

மே இறுதி முதல் அக்டோபர் நடு வரை. ஏப்ரலிலும் மேலே பனி கிடக்கும். ஆகஸ்ட் 6 உருமாற்றத் திருநாளுக்குக் கேதுருக் காட்டுச் சிற்றாலயத்தில் ஊரே கூடும், பார்க்க அருமை. ஆனால் தங்குமிடம் அப்போது கிடைப்பது கஷ்டம், முன்பே பேசிவை.

டாமான்சாராவிலிருந்து: குகைகளில் இன்னும் துறவிகள் இருக்கிறார்களா? பார்த்துப் பேசலாமா?

நம் காலத்திலும் அங்கே தனித்தவம் இருந்தவர்கள் உண்டு. கதவு மூடியிருந்தால் தட்டவேண்டாம், சன்னலில் எட்டிப் பார்க்கவும் வேண்டாம். பேசவேண்டுமென்றால் குஸ்ஹய்யா மடத்தில் கேளுங்கள், அங்கே துறவிகள் சமூகமாக வாழ்கிறார்கள், விருந்தினரை நன்றாக வரவேற்பார்கள். பெய்ரூட்டின் தோரா சந்திப்பிலிருந்து பிஷர்ரிக்குச் சிற்றுந்து கிடைக்கும், குஸ்ஹய்யாவுக்குப் பிஷர்ரியிலிருந்து டாக்ஸி பேசிக்கொள்ளுங்கள். திரும்பி வர நேரத்தையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.